ஒன்றேகால் ரூபாய்க் கத்தி

1964 செப்டம்பர் 20, ஞாயிறு. மாட்டுங்கா.

லோக்கல் ரயிலில் நான் வாங்கிய ஒன்றேகால் ரூபாய்க் கத்தி தக்காளியை நசுக்குகிறது. ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கிறது. "இதை வச்சுண்டு வெண்ணெய்தான் நறுக்கலாம்" என்று என் மனைவி கமலா பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை எதிர்வீட்டு வைத்தா வந்து நின்றான். ஆபீசில் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வைப் பறித்துக்கொண்டவன். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. கையில் ஒரு முழுப் பரங்கிக்காய். அதில் பாதிவரை இறங்கி மாட்டிக்கொண்டிருந்தது, அவன் ஊரெல்லாம் பெருமையடிக்கும் சீமைக் கத்தி. முழுக்காயில் முதல் வெட்டு ஆண்தான் போட வேண்டும் என்று அவன் மனைவி கொடுத்திருக்கிறாள்.

"உள்ளேயும் போகல, வெளியேயும் வரல. உங்காத்துல கத்தி இருக்கோ?" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

என் கத்தியும் மாட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். காயைத் தரையில் வைத்தேன். என் கத்தியை வேறு பக்கமாகப் பதித்து, அதன் தடித்த முதுகில் அம்மிக் குழவியால் இரண்டு போடு போட்டேன். காய் பிளந்தது. சீமைக் கத்தி தானாகக் கழன்று விழுந்தது.

"இது கத்தி இல்லைடா, கோடாலி" என்று வைத்தா சிரித்துவிட்டான். "எனக்கும் ஒண்ணு வாங்கிண்டு வாயேன்."

பாதிக் காயை எங்களுக்கே விட்டுப் போனான். மத்தியானம் கூட்டை மூன்று தரம் போட்டுக்கொண்டேன். இவ்வளவு ருசியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

நாளை ரயிலில் கத்திக்காரன் வந்தால் வைத்தாவுக்கும் ஒன்று வாங்க வேண்டும். பதவி உயர்வை நான் மறந்துவிடவில்லை. பேச்சு இப்போதைக்குக் கத்தியோடு நிற்கட்டும்.