தோட்டாக் கோதிலை கிடந்த கீறல்

அன்புள்ள மகள் அருந்ததிக்கு,

வற்றாப்பளை அம்மன்ரை காவலிலை நாங்கள் சுகமாய் இருக்கிறம். நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள்ளை நோய்நொடி இல்லாமல் இருக்கவேணுமெண்டு விளக்கு வைக்கேக்கையெல்லாம் கேக்கிறனான். நெளுக்குளத்துக் கௌசலா ஒஸ்லோவுக்குத் திரும்பிறாள், அவளிட்டை மிளகாய்த்தூளோடை இதையும் குடுத்துவிடுறன். போனிலை கதைக்கேக்கை அப்பா பக்கத்திலையே இருப்பார், இதைச் சொல்ல விடமாட்டார்.

போன கிழமை அப்பா அருந்தப்பிலை தப்பினவர், பிள்ளை. பதறாதை, முழங்காலிலை உரசல் மட்டும்தான். நெல்லுக் கதிர் தள்ளுற நேரம், பன்றி காட்டுக்கரையாலை இறங்கி வயல் மூலையை உழுதுபோட்டுது. பயிர்க் காவலுக்கெண்டு லைசென்சோடை குடுத்த ஒற்றைக்குழல் துவக்கைத் தூக்கிக்கொண்டு பொழுதுபட்டு இருளுற மைமல் நேரம் வரம்பாலை போனவர். முதல் வெடி காயப்படுத்தினதோடை போக, அந்தத் தனியன் பன்றி இவரைப் பாத்துத் திரும்பியிட்டுது. துவக்குக் குழலை மடக்கித் திறந்தால் வெடிச்ச தோட்டாவின்ரை கோது வெளியாலை வரேல்லை, இறுகிப்போய் நிக்குது. அடுத்ததைப் போட வழியில்லை. ஓடிப்போய் வீரை மரத்திலை ஏறினாராம், பன்றி கன நேரம் அடியிலை நிண்டு உறுமிப்போட்டுத்தான் போனது. வந்து நிண்டவரை இருத்தி முழங்காலைக் கழுவிவிட்டன்.

தோட்டா ஈரம் பிடிச்சிட்டுது, வேறை பெட்டி வாங்கினால் சரி எண்டார். எனக்கு ஒரு இடத்திலை இருக்க முடியேல்லை. கோழிக்கூட்டுக்கு மேலை அவர் போட்டுவைக்கிற வெறுங்கோதுகளை எடுத்து வெயிலிலை பிடிச்சுப் பாத்தன். போன மாரிக்கு முந்திச் சுட்ட சிவப்புக் கோது மழமழவெண்டு இருக்கு. இந்த முறை சுட்ட சிவப்பும் சரி, வேறை கொம்பனிப் பச்சையும் சரி, எல்லாத்திலையும் அடியிலையிருந்து ஒரே உயரத்திலை கீறல், நகத்தாலை தடவச் சின்னப் பருமாதிரித் தட்டுப்படுது. தோட்டா வேறை வேறை, கீறல் ஒண்டுதான், அப்ப பிழை குழலுக்குள்ளை எண்டு சொன்னன். நீ என்ன துவக்குக்கு டொக்டரோ எண்டு கத்தினார். நானும் விடேல்லை, நாள் முழுக்கச் சண்டை. விடியத் தானே துவக்கையும் லைசென்சையும் எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கு வெளிக்கிட்டார், நான் கோதுகளைச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சுகொண்டு பின்னாலை பஸ் ஏறினன்.

துவக்குத் திருத்துற ராஜரத்தினம் உள்ளுக்கை லைற் அடிச்சுப் பாத்தார். தோட்டா இருக்கிற அறையிலை துருத் திண்ட குழிகள். போன மாரி வெள்ளத்துக்குள்ளை ஈரச் சாக்காலை சுத்தி வைச்சதாலை வந்ததாம். வெடிக்கேக்கை கோது விரிஞ்சு அந்தக் குழியளைக் கடிச்சுப் பிடிக்குதாம். இன்னும் ஆழமெண்டால் குழலையே எறியவேணும், நல்ல காலம் எண்டார். மெல்ல உரஞ்சி மழமழப்பாக்கி, அளவு பாத்து, அங்கை வைச்சே வெடி வைச்சுப் பாத்தவர், கோது விரல் நுனியோடை வந்திட்டுது.

எண்டாலும் எனக்கு நித்திரை இல்லை. காயப்பட்ட பன்றி இன்னும் அந்தக் கரையிலைதான் திரியுது, இவரோ பொழுது சாய வெளிக்கிட்டிடுறார். ஒரு நாய் குரைச்சாலும் வாசல் படலைக்கு ஓடுறன். நீ அவரைப் பேசாதை, அடுத்த போகம் வயலைக் குத்தகைக்கு விடச் சொல்லிக் கேள், உன்ரை சொல்லுக்கு மசிவார். நேற்றும் ஒரு வெடி கேட்டுது. வந்தவர் கால்கூடக் கழுவேல்லை, கோதை என்ரை கையிலை வைச்சு, பாரப்பா கீறல் இருக்கோ எண்டார். கண்ணாடியைப் போட்டுத் தடவிப் பாத்து, இல்லை எண்ட பிறகுதான் சாப்பிட இருந்தவர்.

இரும்புக் குளிசையை மறக்காமல் போடு, காதை மூடிக்கொண்டு வெளியாலை போ. அம்மாள் உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டா.

உன்ரை அம்மா,
சிவனேஸ்வரி
நெடுங்கேணி