மயில்துத்தக் கையும் மச்சானின் கடல் தொட்டியும்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

ஓடைப்பட்டித் தோட்டத்திலிருந்து பாண்டி எழுதுகிறேன். அக்கா நன்றாக இருக்கிறாள். உங்கள் ஆரஞ்சு மீன்கள் இரண்டும் நலம். பூ என்றே நான் நினைத்திருந்த அந்தக் கடல் பிராணி, உங்கள் கடல் சாமந்தி, இன்று காலை விளக்கைப் போட்டதும் விரிந்துகொண்டது. இந்த மூன்று சேதியையும் இப்படிச் சாதாரணமாக எழுத முடிகிறதே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். சென்ற மாதம் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

உங்கள் கடல் தொட்டியை நான் செய்த கேலிக்கு அளவு உண்டா? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாசலைத் தாண்டி ஓடுகிற சின்னமனூரில், நல்ல தண்ணீரில் உப்பைக் கொட்டி மீன் வளர்க்கிற ஒரே மனிதர் என் மச்சான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கொச்சியில் வேலை பார்த்த நாளில் பிடித்த பைத்தியம் அது. மோட்டார் காயில் கட்டுகிற கடையைச் சாத்திவிட்டு வந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொட்டிப் பக்கமே போவீர்கள். ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர்கூட இப்படிக் கழுவமாட்டார் என்று அதையும் கேலி செய்தேன். எதற்குக் கழுவுகிறீர்கள் என்று ஒருநாளாவது கேட்டேனா?

தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலிருந்து இறங்கும் தண்ணீர் அதற்குள் வந்து, வலைப்பைகளில் நீங்கள் கட்டி வைத்த சரக்குகளின் வழியே வடிந்து மறுபடி மேலே ஏறும். கரி, தண்ணீரின் மஞ்சளையும் வாடையையும் பிடித்துக்கொள்ளும். துருப்பிடித்த மாதிரி இருக்கும் செம்பழுப்புக் குருணை, மீன் தீனியால் சேரும் பாஸ்பேட்டைப் பிடிக்கும். அதைப் பிடிக்காவிட்டால் பாசி மண்டிவிடும் என்றீர்கள். “நான் கொடிக்கு மூட்டை மூட்டையாப் பாஸ்பேட் போடுறேன், நீங்க இங்கன உக்காந்து ஸ்பூன் ஸ்பூனா எடுக்குறீக” என்றேன். நீங்கள் மீசைக்குள் சிரித்தீர்கள்.

நீங்கள் போனபின் வீட்டில் பேச்சே நின்றுபோனது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். அக்கா மட்டும் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். காலையில் காப்பி டம்ளரோடு போனால், அந்தச் சாமந்தி விரிகிறவரை காத்திருப்பாள். அது விரிந்து, மீன்கள் இரண்டும் அதன் மடியில் போய்ப் புரள ஆரம்பித்த பிறகுதான் ஒரு வாய் குடிப்பாள். அவளைச் சாப்பிட வைக்க நாங்கள் எல்லோரும் தோற்றோம் மச்சான். அந்த விரல்நீளப் பிராணி ஜெயித்தது. “இதுக்கு எதுவும் ஆகாமப் பாத்துக்கடா தம்பி” என்று அவள் கேட்டபோது நான் மறுக்க முடியுமா?

முதல் தடவை கரி மாற்றிய கதையைக் கேளுங்கள். புதுக் கரியைப் பையில் போடுமுன் நல்ல தண்ணீரில் அலசித் தூசியைப் போக்க வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதி ஒட்டியிருந்தீர்கள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. அப்படியே போட்டேன். கால் மணி நேரத்தில் உங்கள் கடல் கொல்லன் பட்டறைத் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. மீன்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. நான் பதறிக்கொண்டு நிற்கிறேன், அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். நீங்கள் போனபின் அவள் சிரித்தது அன்றுதான். மறுநாள் தண்ணீர் தெளிந்துவிட்டது.

அதன்பின் ஒழுங்காகத்தான் செய்தேன். நீங்கள் காலண்டரில் வட்டம் போட்ட மாதிரியே நானும் வட்டம் போட்டேன். கரி ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கவில்லை. கேலி செய்தவனே பக்தனாகிவிட்டான் என்று அக்கா சொன்னாள்.

இனிதான் நான் செய்த காரியம்.

விடாமல் மூன்று நாள் மழை. திராட்சை இலையில் நோய் விழுந்துவிட்டது. வழக்கம்போல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிக்கு அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அக்கா போன் செய்தாள். தொட்டியில் தண்ணீர் இறங்கி மோட்டார் காற்றை இழுக்கிறதாம், வீட்டு ஆர்.ஓ. மெஷினும் ரிப்பேராம். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? தோட்டத்தில் கையில் கிடைத்த கேனைத் தூக்கினேன். துத்தம் ஊறவைத்த கேன். மூன்று தடவை அலசினேன், கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. வழியில் தண்ணீர் கம்பெனியில் நிரப்பிக்கொண்டு, பைக்கில் வைத்து நேராக உங்கள் வீட்டுக்குப் போய்ப் பாதிக் கேனை ஊற்றினேன். எங்களுக்குத் துத்தம் என்றால் நோயைத் தீர்க்கிற மருந்து. புண்ணுக்கே பொரித்துப் போடுகிற ஊர் இது. அது ஒன்றைக் கொல்லும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

மறுநாள் காலையில், தொட்டியின் அடியில் மேய்ந்து திரிந்த உங்கள் இறால்கள் இரண்டும் பக்கவாட்டில் விழுந்து கிடந்தன. மீன்கள் மூச்சு வாங்கின. சாமந்தி, வெயிலில் போட்ட கத்திரிக்காய் மாதிரி சுருங்கி வாயைத் திறந்துகொண்டிருந்தது. அக்காவின் காப்பி ஆறிப் போய் ஆடை கட்டியிருந்தது.

“அவுகளும் இப்படித்தான்டா. முந்தின நாள் நல்லாத்தான் இருந்தாக.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நீங்கள் சரக்கு வாங்கும் கொச்சிக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் அவர் கேட்ட முதல் கேள்வி, தண்ணீரில் செம்பு ஏதாவது பட்டதா என்பதுதான். வீட்டில் செம்புப் பாத்திரமே கிடையாது, எல்லாம் எவர்சில்வர் என்று அடித்துச் சொன்னேன். மீனாவது செம்பைக் கொஞ்சம் தாங்கும், இறாலும் சாமந்தியும் தாங்காது என்றார். செம்பை மட்டும் பிடித்து இழுக்கிற வெள்ளைப் பிசின் மணிகள் இருக்கின்றன, குமுளி பஸ்ஸில் அனுப்பினால் வந்துசேர இரண்டு நாளாகும் என்றார். அதுவரை சாமந்தி தாங்க வேண்டுமே.

போனைக் கீழே வைக்கும்போதுதான் என் நகக்கண்களைப் பார்த்தேன். ஓரமெல்லாம் நீலம். மயில்துத்தம் என்றால் காப்பர் சல்பேட், செம்பு. பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கியவன்தான் மச்சான் நான். இருபது வருஷமாக அதில் கையை நனைக்கிறேன், அது செம்பு என்ற நினைப்பே இல்லாமல் போயிற்று.

உண்மையைச் சொல்கிறேன், மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். மழைக்காலம், மீனுக்கும் ஆயுசு உண்டு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அக்கா நம்பியிருப்பாள். ஆனால் சொன்னால்தான் மருந்து தேட முடியும். “அக்கா, நான்தான் கெடுத்தேன். துத்தக் கேன்ல தண்ணி கொண்டாந்துட்டேன்” என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தொட்டி அலமாரியின் பின்தட்டைத் துழாவி ஒரு பழைய காப்பித்தூள் பாட்டிலை எடுத்து வந்தாள். உள்ளே ஈரமாக வெள்ளை மணிகள். மேலே உங்கள் கையெழுத்து: ‘பாண்டி வந்தால் ஒரு பை.’

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் சொன்னாள்.

“நீ தோட்டத்துல இருந்து வருவ, வந்த உடனே தொட்டிக்குள்ள கைய விட்டு மீனத் தொடப் பாப்ப. நீ அங்கிட்டுப் போனதும் இதுல ஒரு பையக் கட்டி அடியில போட்டுருவாக. கையக் கழுவச் சொன்னா என்னன்னு நான் கேட்டேன். ‘சொல்லிட்டா அடுத்த தடவ வீட்டுக்குப் போயிக் குளிச்சிட்டு வர்றேன்னு அங்கனயே நின்னுருவான். எனக்கு மாப்ள நேரா வரணும்’னாக.”

மச்சான், அன்றைக்கு நான் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். எத்தனை பொங்கல், எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை தடவை அந்தக் கையை விட்டிருப்பேன்? ஒவ்வொரு தடவையும் நான் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்று சிரித்துவிட்டு, உள்ளே போய்ப் பை கட்டியிருக்கிறீர்கள். காயில் கட்டுகிற செம்புக் கம்பியோடு மாரடித்தவருக்கு என் கை என்ன கை என்று தெரியாதா? பெண்டாட்டியின் தம்பி முகம் வாடக் கூடாது என்று ஒரு மனிதர் இப்படிக் கூடச் செய்வாரா?

அழுது முடித்ததும் நீங்கள் சொன்னபடி பை கட்டினேன். ஒன்றல்ல, இரண்டு. புதுக் கரி அலசிப் போட்டேன். பக்கத்து வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றினோம். மூன்றாம் நாள் பையை வெளியே எடுத்தேன். வெள்ளை மணிகள் எல்லாம் மங்கலான நீலமாகியிருந்தன. நான் ஊற்றியதை நீங்கள் திரும்ப எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. கொச்சியிலிருந்து வந்த மணிகளை அடுத்த பையில் கட்டிப் போட்டேன். இறால்கள் போனது போனதுதான், அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும். எட்டாம் நாள் காலை சாமந்தி ஒரு விரலை நீட்டியது. பிறகு இன்னொன்று. மீன் ஒன்று போய் மெல்ல உரசிப் பார்த்தது. அக்கா டம்ளரை எடுத்துக் காப்பியைக் குடித்தாள்.

உங்களுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. இருந்தபோது சொல்லியிருந்தால் “போங்க மாப்ள” என்று பேச்சை மாற்றியிருப்பீர்கள். இப்போது மாற்ற முடியாதல்லவா? என் வருகைக்காக ஒரு மருந்து வாங்கி வைத்திருந்தீர்கள், என்னிடம் சொல்லாமலே. நீங்கள் போனபின் அது என்னையும் அக்காவையும் சேர்த்துக் காப்பாற்றியது. நன்றி மச்சான். ஆயிரம் நன்றி.

உங்கள் வாசல் குழாயில் இப்போது ஒரு சோப்பு டப்பா தொங்குகிறது. முழங்கை வரை தேய்த்துக் கழுவுகிறேன், அக்கா நின்று பார்த்துச் சிரிக்கிறாள். ஆர்.ஓ. தண்ணீருக்கென்று தனிக் கேன் வாங்கி, தோட்டத்துப் பக்கமே போகாதபடி உங்கள் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். கரியும் குருணையும் வட்டம் தவறாமல் மாறும். இது சத்தியம்.

ஒன்றை மட்டும் மாற்றமாட்டேன். குளித்துவிட்டு வருகிறேன் என்று எங்கும் நிற்கமாட்டேன்.

தோட்டத்திலிருந்து நேராக வருகிற,
உங்கள் மாப்ள,
பாண்டி