சாமிக்கு விட்ட முடி

அரியூர் நாடு,
18.12.1957

என் பிரியமான உங்களுக்கு,

சேலத்தில் தேவதூதர் சட்டைகளுக்குத் துணி எடுக்க வேண்டாம். எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இங்கே பனி அதிகம். என் சளி குறைந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இப்போது நம் தேவாலயத்துக்கு வருவதில்லை. நம்மை நம்பி அனுப்பச் சொல்லி வீடு வீடாகப் போன வாத்தியாரே இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எல்லாம் என்னால்தான். போன வாரம் ஒத்திகைக்கு வந்த இருசாயி மகளுக்குத் தலை நிறையப் பேன். சடையைப் பிரிக்கவே முடியவில்லை. நல்லது செய்வதாக நினைத்து ஒட்ட வெட்டிவிட்டேன். தாயிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் இருசாயி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் விறைத்துக்கொண்டு நின்றேன். அவள் முந்தானையை ஏந்தினாள்.

"காய்ச்சல்ல புள்ள பொழைக்கோணும்னு அறப்பளீசுரருக்கு விட்ட முடிங்க, பாதிரியம்மா. ஆடிக்கு எடுக்கோணும்னு இருந்தோம். வெட்டுனது போகட்டும். அந்த முடியக் குடுங்க, கோயில்ல சேத்தர்றேன்."

நான் அதைச் சருகோடு கூட்டி எரித்திருந்தேன்.

நேற்றிலிருந்து அந்தக் குழந்தைக்குக் காய்ச்சலாம். துணிக்குப் பதிலாக, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை வாங்கி வாருங்கள். வாத்தியார் கையில் கொடுத்தனுப்புங்கள். என் கையால் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
உங்கள் மனைவி