மொரீனுக்கு நான் மாற்றிக்கொடுத்த மின்சாரம்

14 அக்டோபர் 2018, ஞாயிறு

எங்கள் வீட்டு மின்சாரத்தையும் எரிவாயுவையும் இன்று வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டேன். எட்டாவது வருடம், எட்டாவது கம்பெனி. விலை ஒப்பிடும் இணையதளத்தில் முகவரியைப் போட்டு, போன வருடச் செலவைப் போட்டு, பட்டியலில் முதலில் நிற்கிற பெயரை அமுக்கினால் ஆயிற்று. பதினோரு நிமிடம். பச்சை எழுத்தில் வந்தது: வருடத்துக்கு 287 பவுண்டு மிச்சம்.

கிளைவிடம் காட்டினேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போன வருஷமும் இருநூத்துச் சொச்சம் மிச்சம்னே. முந்தின வருஷமும் சொன்னே. இதோட ரெண்டாயிரம் சேந்திருக்கணுமே, எங்க வச்சிருக்கே? மெத்தைக்கு அடியிலயா?"

முப்பத்து மூன்று வருடம் இந்த மனிதனோடு குடித்தனம் நடத்தியதற்கு எனக்கு யாராவது மெடல் தர வேண்டும். தேநீர் ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன்.

17 அக்டோபர், புதன்

பல் மருத்துவமனையில் இன்று எனக்கு அரை நாள்தான். வரவேற்பு மேசையை மதியமே சாரா வாங்கிக்கொண்டாள். நேராக அக்கா மொரீன் வீட்டுக்குப் போனேன்.

அவளுக்கு எழுபத்தொன்று. நகராட்சிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி, கணவர் ரான் இறந்ததிலிருந்து தனியாக. கம்பள ஆலையில் முப்பது வருடம் தூசியைத் தின்றதில் நெஞ்சு எப்போதும் கொஞ்சம் மக்கர்தான். அரசாங்கம் மின்சாரத்தைத் தனியாருக்கு விற்ற நாளிலிருந்து ஒரே கம்பெனிதான் அவளுக்கு. பில் வந்ததும் தபாலாபீஸுக்கு நடந்து போய்க் கட்டுகிறாள். இந்தக் காலத்தில்!

"பழகினது இருக்கட்டுமே பெவ்," என்றாள்.

"பழகினவன்தான் உன் தலையில மிளகா அரைக்கிறான்," என்றேன்.

சிரித்துவிட்டு பில்லை எடுத்துக் கொடுத்தாள். நான் சொன்னால் அவள் மறுத்ததில்லை. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அப்படித்தான்.

இணையதளத்தில் ஒரு கேள்வி: ராத்திரி மின்சாரம் உபயோகிப்பது உண்டா, அதற்குத் தனி விலை உண்டா? அவள் சமையலறையில் கெட்டிலை வைத்துக்கொண்டிருந்தாள். "மொரீன், ராத்திரியில கரண்ட் ஏதாவது செலவு பண்றியா?" என்று கத்தினேன். "ராத்திரியில தூங்குறேன். வேற என்ன, டான்ஸா ஆடுறேன்?" என்று அங்கிருந்தே பதில் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். இல்லை என்று அமுக்கினேன்.

341 பவுண்டு மிச்சம்! எங்கள் வீட்டை விட அதிகம். இனி மாதாமாதம் அவள் வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அவளுக்கு மின்னஞ்சல் கிடையாது என்பதால் என்னுடையதைக் கொடுத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அப்படி ஒரு திருப்தி.

5 நவம்பர், திங்கள்

வருடா வருடம் இந்த நாளில் ஊர் கூடி விடுகிற வாணவேடிக்கைக்கு மொரீன் வரவில்லை, இருமலாம். அவள் செய்த இஞ்சிக் கேக்கை மட்டும் அவளுடைய எதிர்வீட்டு நார்மன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

18 நவம்பர், ஞாயிறு

மொரீனை மாற்றிவிட்டதற்கு இணையதளக்காரர்கள் எனக்கு ஹோட்டல் கூப்பன் ஒன்றைப் பரிசாக அனுப்பியிருந்தார்கள். ஒரு சாப்பாட்டு விலையில் இரண்டு பேர் சாப்பிடலாம். கிளைவும் நானும் போனோம். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, குழம்பு. கிளைவ் இரண்டாம் முறை தட்டை நிரப்பிக்கொண்டு, "உங்கக்கா நல்லா இருக்கட்டும்," என்றான். முதல் முறையாக என் இணையதளத்தை அவன் பாராட்டினான் என்று எழுதி வைக்கிறேன்.

9 டிசம்பர், ஞாயிறு

மொரீனுக்குப் போன் பண்ணினேன். "இப்ப பில் குறைஞ்சிருக்குமே?" என்று கேட்டேன். இருமினாள். பிறகு, "எவ்வளவோ தேவலை கண்ணு," என்றாள்.

பல் கட்டிக்கொள்ள வந்த மூன்று பேரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன்.

25 டிசம்பர், செவ்வாய்

கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு மொரீன் இங்கே வந்தாள். மெலிந்திருக்கிறாள். கோட்டைக் கழற்றவே இல்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரைப் பூனை மாதிரி கணப்பை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். கிளைவ் கார்ச் சாவியை எடுத்தபோதெல்லாம், "இன்னும் கொஞ்ச நேரம்," என்றாள். கிளம்பும்போது எங்கள் கெட்டிலிலேயே தண்ணீர் காய்ச்சி வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டாள். கார் குளிருமாம்.

"வயசாயிடுச்சு உனக்கு," என்று கேலி செய்தேன்.

13 ஜனவரி 2019, ஞாயிறு

மொரீனைப் பார்க்கப் போகவில்லை. நாளை, நாளை என்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

29 ஜனவரி, செவ்வாய்

காலையில் நார்மன் போன். மொரீனை ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள். நிமோனியா. இரண்டு நுரையீரலிலும். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூக்கில் குழாய், உதடு நீலம். என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான்.

இரவு உடை எடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே என் மூச்சு புகையாக வந்தது. வீட்டுக்குள்! ஹீட்டரைத் தொட்டேன், சூடே இல்லை. கல். படுக்கையறையிலும் கல். சுவரில் இருக்கிற ஹீட்டர் சுவிட்சுகளை அணைத்து, தவறிப்போய் யாரும் போட்டுவிடாதபடி மேலே காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைக் குறுக்காக ஒட்டியிருந்தாள்.

நார்மன் வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னா. டிசம்பர்லேர்ந்தே பஸ்லதான் இருக்கா. காலைல ஒன்பதரைக்கு மேல நம்ம வயசுக்காரங்களுக்கு பஸ் இலவசமாச்சே. பக்கத்து ஊரு ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போவா, திரும்புவா, மறுபடி போவா. பஸ்ல சூடு நல்லா இருக்கும்ல. ஒரு நாள் நாலு தடவை பாத்தேன்."

ஏன் என்கிட்ட சொல்லல? ஏன் மொரீன்?

30 ஜனவரி, புதன்

பில் எல்லாம் என்னிடம்தான் இருந்திருக்கிறது. என் மின்னஞ்சலில், செருப்புக் கடை தள்ளுபடிக்கும் விடுமுறைச் சலுகைக்கும் நடுவில், திறக்காமல். மாதம் 62 பவுண்டு என்று தொடங்கியதை டிசம்பரில் 171 ஆக்கியிருக்கிறார்கள். அவள் அதை வங்கிக் காகிதத்தில் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு சுவிட்சை அணைத்திருக்கிறாள்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பையன் வந்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"அந்த வீட்ல ரெட்டை மீட்டர் இருக்கு மேடம். பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. எங்க இந்தத் திட்டத்துல ராத்திரி விலைன்னு தனியா கிடையாது. எல்லா நேரமும் ஒரே விலைதான்."

"அத முதல்லயே சொல்ல வேண்டாமா?"

"ஒப்பிடுற தளத்துல கேட்டிருப்பாங்களே மேடம்."

கேட்டார்கள்.

அந்த ஹீட்டருக்குள் இருப்பது செங்கல். நள்ளிரவுக்கு மேல் மலிவு மின்சாரத்தில் தானாகவே சூடேறி, பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தை விடும். அவள் செலவில் முக்கால்வாசி அவள் தூங்கும்போதுதான். எனக்கு இது தெரியாதா? அந்த வீட்டுக்குப் பதினெட்டு வருடமாகப் போய் வருகிறேன். என் வீட்டில் எரிவாயு, அதனால் நினைப்பே வரவில்லை. சமையலறையைப் பார்த்துக் கத்தினேன், சிரித்தேன், அமுக்கினேன். எழுந்து போய் மீட்டர் அலமாரியைத் திறந்து பார்த்திருந்தால் இரண்டு வரிசை எண் தெரிந்திருக்கும். எட்டு அடி தூரம்.

2 பிப்ரவரி, சனி

தூக்கமில்லை. காலையில் பழைய பில்களை எல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். கிளைவ் தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

மிச்சம் என்று அவர்கள் காட்டுவது போன வருடம் நான் கட்டியதிலிருந்து குறைவது அல்ல. ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஒப்பந்தம் முடிந்ததும் என்னை ஒரு கொள்ளை விலைக்குத் தள்ளுவார்கள் இல்லையா, அதோடு ஒப்பிட்டு வருவது. நான் ஒரு நாளும் கட்டியிராத விலை. எட்டு வருடத்தில் மூன்று வருடம் உண்மையாகவே குறைந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இரண்டு வருடம் அப்படியே. மூன்று வருடம் கூடியிருக்கிறது. கூடிய வருடங்களிலும் பச்சை எழுத்து வந்தது, நான் கிளைவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

மொரீன் விவரத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்த முறை ராத்திரி விலை உண்டு என்று அமுக்கினேன். நான் சேர்த்துவிட்ட கம்பெனி பட்டியலிலேயே இல்லை. ஓரத்தில் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவில், எல்லாக் கம்பெனியையும் காட்டவா என்று ஒரு கட்டம். அதை அமுக்காவிட்டால் தளத்துக்குத் தரகு கொடுக்கிறவர்கள் மட்டும்தான் வருவார்கள். எட்டு வருடமாக அதை நான் பார்த்ததில்லை. அமுக்கினேன். அவளுடைய பழைய கம்பெனி, தபாலாபீஸுக்கு நடந்து நடந்து அவள் கட்டிய அதே கம்பெனி, மேலிருந்து மூன்றாவது.

தளத்தைத் திட்டி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? கேள்வி கேட்டார்கள், நான் தப்பாகப் பதில் சொன்னேன். அதற்கு எனக்குச் சாப்பாடு போட்டார்கள். தின்றேன்.

6 பிப்ரவரி, புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள். குரல் கீச்சென்று வருகிறது. நான் உள்ளே நுழையும்போது நர்ஸிடம் என்னைக் காட்டி, "என் தங்கச்சி. ரொம்பக் கெட்டி. எனக்கு மலிவாக் கரண்ட் பிடிச்சுக் குடுத்தா, நான்தான் கண்டபடி செலவழிச்சுக் கெடுத்துட்டேன்," என்கிறாள்.

தலையணையைச் சரிசெய்தேன். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

கிளைவ் காரில், "சொல்லிடு பெவ்," என்றான். "நீ சொல்லாம அவ தன்னையே திட்டிக்கிட்டுக் கெடக்கா."

10 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லவில்லை. திராட்சை வாங்கிக்கொண்டு போனேன்.

13 பிப்ரவரி, புதன்

பழைய கம்பெனிக்கே போனில் பேசித் திருப்பிவிட்டேன். ராத்திரி விலை உண்டா என்று மூன்று தடவை கேட்டேன். அந்தப் பெண்ணுக்கே எரிச்சல் வந்துவிட்டது. மாற மூன்று வாரமாகுமாம்.

இன்றும் சொல்லவில்லை. கோழை.

19 பிப்ரவரி, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பக்கத்துப் படுக்கையில் ஆளில்லை. மழை. கேள்வி, நான் கத்தியது, அவள் சொன்னது, நான் அமுக்கியது, படிக்காத பில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

மொரீன் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் வீணாக்கலையா?"

"இல்ல."

"ஹீட்டர் பழசாப் போயி அதிகமா இழுக்கலையா?"

"இல்ல மொரீன். அது ஒழுங்காத்தான் இருந்துச்சு. எல்லாம் நான் பண்ணினது."

"நான் அதுங்களத் திட்டினேன்," என்றாள். "காலைல எந்திரிச்சதும் ஒண்ணொண்ணாத் திட்டுவேன்." சிரிக்கப் பார்த்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தியே. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருந்தே. உனக்கு முகம் வாடிப்போகும்னு நெனச்சேன்."

பிறகு, "தூக்கம் வருது பெவ்," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கவில்லை. தூங்கும்போது அவள் தோள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா.

3 மார்ச், ஞாயிறு

மொரீன் வீட்டுக்கு வந்தாள். மூன்று மாடிக்கு ஏழு இடத்தில் நின்றாள். நெஞ்சு இனிப் பழைய நிலைக்கு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலேயே வந்து இரு என்று கேட்டேன். வேண்டாமாம். சுவிட்சிலிருந்த பிளாஸ்திரியை நான்தான் உரித்தேன். பெயின்ட்டும் சேர்ந்து வந்தது.

20 மார்ச், புதன்

வேலையில் ஒரு பெரியவர் மின்சாரம் மாற்றலாமா என்று கேட்டார். முன்பு நான் சொல்லியிருக்கிறேனாம். எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போது வேண்டும் என்று கேட்டேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

மொரீன் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில், ஆனாலும் ஹீட்டர் போட்டிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது.

மேசையில் கம்பெனியிலிருந்து வந்த கடிதம், பிரித்தபடி. பழக்க தோஷம், கையை நீட்டிவிட்டேன். அவள் அவசரமே இல்லாமல் அதை எடுத்து மடித்து இழுப்பறையில் போட்டாள்.

"அதெல்லாம் இப்ப நார்மன் பாத்துக்கறார். உனக்கெதுக்குக் கண்ணு அலைச்சல்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கேக்கை வெட்டி எனக்குப் பெரிய துண்டாக வைத்தாள். கிளைவைப் பற்றி விசாரித்தாள், சாராவுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்டாள், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். வெளியூரிலிருந்து வந்தவரை எப்படி உபசரிப்பாளோ அப்படி.

நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. கிளம்புகிறேன் என்று எழுந்தேன். சரி என்று கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.