சாய்தளத்தின் மேல் ஒரு கல்வெட்டு

என் ஜெயாக்கா,

நீ கேட்ட சாய்தளத்தைக் கட்டிவிட்டார்கள். உனக்கு எழுதினால் இதைத்தான் முதல் வரியாக எழுதவேண்டும் என்று நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன். இனி மீதியையும் கேள்.

நம் தெருமுனைப் பூங்காவை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. நீ இருந்தபோது அது சீமைக்கருவேலம் மண்டிய பொட்டல். ஒரு மூலையில் குப்பை, இன்னொரு மூலையில் கம்பி மட்டும் மிஞ்சிய ஊஞ்சல். ஆனாலும் பின்சுவர் ஓரிடத்தில் இடிந்து தரையோடு தரையாகக் கிடந்தது. உன் சக்கர நாற்காலியும் ரஹ்மத்தக்காவின் சக்கர நாற்காலியும் யாரையும் கேட்காமல் அந்த வழியாக உள்ளே போய்வந்தன. உன் ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர்களைப் பற்றி நீயும், அளவு பிளவுஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டு அதைப்போல் தைக்காதே என்று சொல்லும் பெண்களைப் பற்றி அவரும் பேசிச் சிரிப்பது வீடுவரை கேட்கும். இந்த ஊரில் வாசலைத் தாண்டி நீங்கள் இரண்டு பேரும் காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல் உட்கார முடிந்த இடம் அது ஒன்றுதான்.

அதைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று கூட்டம் போட்டு வரைபடம் காட்டினார்களே, நினைவிருக்கிறதா? தரையை இடுப்புயரம் உயர்த்தி, முன்னால் அகலமான கருங்கல் படிக்கட்டு. படம் அழகாகத்தான் இருந்தது. நீ கையைத் தூக்கி, "படி மட்டும் போட்டிருக்கீங்க. நாங்க என்ன பறந்தா வரணும்?" என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்து முடிக்கும்வரை கையை இறக்கவும் இல்லை. அதன்பிறகு திங்கள்கிழமைதோறும் மனு நாளுக்குப் போய்க் காத்திருந்தாய். கடைசியில் வரைபடத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு வந்தது. அந்தக் கோடு தரையில் இறங்குவதற்குள் மழைக்காலக் காய்ச்சல் உன் நெஞ்சில் இறங்கி, உன்னைக் கொண்டுபோய்விட்டது.

திறப்பு விழாவுக்கு நான் போவதாக இல்லை. கூட்டம் எனக்கு ஒத்துவராது என்பது உனக்குத் தெரியும். ரஹ்மத்தக்கா விடவில்லை. புதுச் சேலை கட்டி, கைக்கு மருதாணி வைத்து, கல்யாணத்துக்குப் போவதுபோல் கிளம்பியிருந்தார். "ஜெயா இருந்தா முத ஆளா ஏறியிருப்பா. அவளுக்காக நா ஏறணும்ல? தள்ளு புள்ள" என்றார். கார்கள் எல்லாம் போய், பந்தல்காரர்கள் துணியை அவிழ்க்கும்வரை ஓரமாகக் காத்திருந்தோம்.

சாய்தளத்தை நான் குறை சொல்லமாட்டேன் அக்கா. சரிவு மெதுவாக இருக்கிறது. இரண்டு பக்கமும் பளபளவென்று கைப்பிடி. நான் தள்ளவே வேண்டியிருக்கவில்லை. பாதிக்கு மேல் அவரே சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஏறினார். மேலே, பூங்காவுக்குள் திரும்பும் சமதளத்தில், நாற்காலியின் கால்பலகை எதன்மீதோ 'டங்' என்று மோதியது.

கல்வெட்டு. செங்கல் பீடம் கட்டி, அதன்மேல் கறுப்பு கிரானைட் பதித்து, தங்க எழுத்தில் மேலிருந்து கீழ்வரை பெயர்கள். திறந்துவைத்த திரைச்சீலை இன்னும் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சாய்தளம் முடியும் இடத்தில், அதன் நட்டநடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். ஓர் ஆள் உடம்பை ஒருக்களித்து நுழையலாம். நாற்காலி நுழையாது.

 ரஹ்மத்தக்கா பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "அம்புட்டுப் பேரும் இருக்கு. நம்ம ஜெயா பேரத்தான் காணோம்" என்றார். சொல்லும்போது சிரித்தார். திரும்பி இறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.

யாரோ வேண்டுமென்றே செய்த அநியாயம் என்றால் எனக்குக் கோபம் இவ்வளவு நாள் நீடித்திருக்காது. வேலையை மேற்பார்த்தவரிடம் கேட்டேன். சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, நாலு பேர் நின்று போட்டோ எடுக்கிற மாதிரி இருந்த சமதளம் அது ஒன்றுதானாம். அதனால் கல்லை அங்கே வைத்தார்களாம். நல்ல மனிதர்தான், ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அந்தச் சமதளம் எதற்காக அங்கே இருக்கிறது என்று வரைந்தவருக்கும் தோன்றவில்லை, கட்டியவருக்கும் தோன்றவில்லை, திரையை விலக்கிக் கைதட்டியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நீ அலைந்து வாங்கிய இடத்தை அவர்கள் கல்வெட்டுக்கான மேடை என்று நினைத்துவிட்டார்கள். 'அனைவருக்குமான பூங்கா' என்று அந்தக் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. யார் அந்த அனைவரும்? எண்ணும்போது உங்களை எந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள்?

எதைப் பார்த்தாலும் இப்போது எனக்கு இந்தக் கேள்விதான். மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை என்று பலகை மாட்டிய அறையில் துடைப்பமும் பினாயிலும் இருக்கின்றன. பெஞ்சுகளின் நடுவே யாரும் படுக்காதபடி இரும்புக் கம்பி. பூ மார்க்கெட்டுக்கு விடியலில் வந்துவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் முன்பு மத்தியானத்தில் இங்கே வேப்பநிழலில் தலைசாய்ப்பார்கள். இப்போது மத்தியானம் பூட்டு. அழகாக்குவது என்றால் சிலரை வெளியே வைப்பது என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மாநகராட்சி அலுவலகத்துக்கு ரஹ்மத்தக்காவோடு போனேன். அதிகாரி நாற்காலி போடச் சொன்னார், பிறகு சக்கர நாற்காலியைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்லை நகர்த்த முடியுமா என்று கேட்டோம்.

"கல்வெட்டுல பேரு இருக்கும்மா. அதுல யாரு கை வைப்பா? நாளைக்கு என் வேலைக்குல்ல வந்து நிப்பாங்க" என்றார். பிறகு உதவும் எண்ணத்தோடு, "வாட்ச்மேன்ட்ட சொல்லிர்றேன். நாலு பேரு புடிச்சா சேரோட தூக்கி உள்ள விட்றலாம்" என்றார்.

ரஹ்மத்தக்கா அவரையே பார்த்தார். "என்னயத் தூக்க நாலு பேரு இருக்காக. அந்தக் கல்லத் தூக்க ஒருத்தரும் இல்லையா சார்?"

எனக்கு உன் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு கல்யாண மண்டபத்துப் படியிலும் மாமாக்களும் முன்பின் தெரியாதவர்களும் கேட்காமலே உன்னை அள்ளித் தூக்குவார்கள். சேலை விலகும், யாருடைய கையோ இடுப்பில் இருக்கும், நீ பல்லைக் கடித்துக்கொண்டு "போதும், இறக்குங்க" என்பாய். தூக்கியவர்களுக்குப் புண்ணியம் சேர்ந்த முகம். கடைசியில் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்தினாய். உனக்குக் கூட்டம் பிடிக்காது என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்.

வெளியே வரும்போது ஓர் உதவியாளர் பின்னாலேயே வந்து வழி சொன்னார். கல்வெட்டு மறைவாக இருக்கிறது, பெருமக்களின் பெயர்கள் பொதுமக்கள் கண்ணில் படவில்லை, நுழைவாயிலில் இன்னும் பெரிதாக வைத்தால் சிறப்பாக இருக்கும் என்று எழுதிக்கொடுக்க வேண்டுமாம். "சக்கர நாற்காலின்னு எழுதாதீங்க மேடம். இப்பிடி எழுதுங்க, ஒரே வாரத்துல நடக்கும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எங்கள்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

நடந்துவிடும் என்றுதான் எனக்கும் பட்டது. வீட்டுக்கு வந்து எழுதவும் உட்கார்ந்தேன். 'மாண்புமிகு' என்ற சொல்லுக்குமேல் பேனா நகரவில்லை. உள்ளே போகவேண்டியது ரஹ்மத்தக்காதானே, என் வீம்புக்காக அவர் ஏன் வெளியே கிடக்கவேண்டும் என்று அவரிடமே போய்க் கேட்டேன். அவர் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல இதே மாதிரி எதாச்சும் வப்பாக. அப்பவும் பேருக்குப் பெருசா எடம் கேட்டு எழுதுவியா? நமக்கு எடம் வேணும்னு எழுது அமுதா. ஆகுற அன்னைக்கு ஆகட்டும்" என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அத்தோடு பேச்சு முடிந்தது.

வழியை மறித்திருக்கும் கல்லை எடுங்கள் என்று எழுதிக்கொண்டு மனு நாளுக்குப் போனேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று முழுவதையும் வாசித்தேன். ஆவன செய்யப்படும் என்றார்கள். செய்தும்விட்டார்கள் அக்கா. சாய்தளம் தொடங்கும் இடத்தில் புதிதாக ஒரு மஞ்சள் பலகை: 'உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகள் காவலாளியை அழைக்கவும்.'

அன்று சாயங்காலம் ரஹ்மத்தக்கா நேராகச் சாய்தளத்தில் ஏறி, கல்வெட்டுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி பிரேக் போட்டார். மடியில் தையல் பை. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சுற்றிப்போனார்கள். பேரனோடு வந்த ஒரு பெரியவர் மட்டும் நின்று, ஏன் இங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள், உள்ளே காற்று நன்றாக இருக்குமே என்றார். "இதுக்கு மேல வழி இல்லிங்களே அய்யா" என்றார் ரஹ்மத்தக்கா. பெரியவர் கல்லைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். முன்பும் பலமுறை அந்தக் கல்லைச் சுற்றி நடந்திருப்பார். அன்றுதான் அதைப் பார்த்தார்.

அதிலிருந்து தினமும் அங்கேதான் உட்கார்கிறோம். கேட்பவர்களிடம் சொல்கிறோம். பூக்காரப் பெண்கள் சிலரும் மத்தியானப் பூட்டைப் பற்றிச் சொல்ல வந்து சேர்ந்துகொள்கிறார்கள். காவலாளி முதலில் முறைத்தார். இப்போது, "இன்னைக்கி எம்புட்டு பேரு கேட்டாக?" என்று அவரே விசாரிக்கிறார்.

உன்னைப்போல் சபையில் பேச எனக்கு வராது. உட்காரத் தெரியும். ரஹ்மத்தக்கா தன் கையால் சக்கரத்தை உருட்டி உள்ளே போகும்வரை, பக்கத்தில் இருக்கும் அந்தப் பெரிய படிக்கட்டில் நான் கால் வைக்கமாட்டேன். அவரை ஒருவரும் தூக்க விடமாட்டேன். திங்கள்கிழமை வந்தால் மனு நாளில் இருப்பேன். மற்ற நாள் சாயங்காலங்களில் அந்தக் கல்லுக்கு எதிரே இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
அமுதா
திண்டுக்கல்