தீர்த்தப் போத்தல் எடுக்கப் போன நேரம்

நவம்பர் 11

காலையிலிருந்து மழை. துறைமுகப் பக்கம் ஒரு கப்பலும் தெரியவில்லை. துணி காயாது.

மகள் ஷாமினிக்கு ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஆண்பிள்ளை. ஆனால் நாள் வரும் முன்பே வந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களோடு. டொக்டர் பிடி கொடுத்துப் பேசவில்லை.

நாளைக்குக் கொண்டுபோக: பிளாஸ்க், பழைய சீலைத்துண்டு, ஷா.வின் செருப்பு.

லிங்கநகரிலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. அவருடைய மகன், என் மருமகன், கட்டாரில். லீவு இன்னும் கிடைக்கவில்லை.

நவம்பர் 12

மழை விடவில்லை. பிள்ளை நீலம் பாய்ந்துவிட்டான். ஃபாதர் புல்மோட்டைக்குப் பூசைக்குப் போனவர், போன் எடுக்கவில்லை.

ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடுவானோ? அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் படித்ததுதான். ஆனால் தீர்த்தம் வேண்டாமா? உயிர்த்த ஞாயிறுப் பூசையில் மந்திரித்தது வீட்டு அலுமாரியில், போத்தலில். பைப் தண்ணீரிலா என் பேரனுக்கு? ஓட்டோ பிடித்து ஓடினேன். வழியில் டவுனுக்குள் திரியும் மான் கூட்டம், நட்ட நடு ரோட்டில். ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்க்கின்றன, அவ்வளவுதான்.

திரும்பி வந்தால் ஷா. அழுகிறாள். சம்பந்தியம்மா ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாராம். எழும்ப முடியாமல் கிடந்த இவள் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுக்க, அவர் பாடமாக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். ஆஸ்பத்திரித் தண்ணீர். பிளாஸ்க் மூடியால் ஊற்றினாராம்.

போத்தலும் கையுமாய் நின்றேன். திருநீற்றுக் கையாலா!

நவம்பர் 13

நித்திரை இல்லை. எப்படிச் செய்தீர்கள் என்று சம்பந்தியம்மாவைக் காட்டச் சொன்னேன். ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்துத் தன் உள்ளங்கையிலேயே மூன்று தரம் ஊற்றிக் காட்டினார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஒரு சொல் பிசகவில்லை. கடைசியில் போட்ட சிலுவை அடையாளம் மட்டும் தோள் மாறிப் போனது.

பிழை கிடைத்ததென்று சந்தோஷப்பட்டேன். எவ்வளவு கேவலம். நான் திருப்பி இன்னொரு தரம் கொடுக்கலாமே என்ற ஆசை.

ஃபாதர் ஒருவழியாகப் போன் எடுத்தார். தண்ணீர் என்றால் போதும், மந்திரித்ததாக இருக்கத் தேவையில்லையாம். கையும் கிறிஸ்தவக் கையாக இருக்கத் தேவையில்லை, திருச்சபை செய்வதைச் செய்யும் மனம் இருந்தால் சரியாம். சிலுவை மாறினாலும் குறையில்லை.

"திருப்பிக் குடுக்கக்கூடாது அம்மா. அது முடிஞ்சுது."

அப்படியென்றால் கோயில் வாசலில் இத்தனை காலம் தீர்த்தத்தில் விரல் நனைத்தது? இடி இடிக்கும்போதெல்லாம் வீடு முழுக்கத் தெளித்தது? அதெல்லாம் ஞானஸ்நானத்தின் அந்த முதல் தண்ணீரை நினைத்துக்கொள்ளத்தானாம்.

நவம்பர் 14

மழை இல்லை. காலையில் பிள்ளை போய்விட்டான்.

பின்னேரம் சேமக்காலையில் அடக்கம். சின்னப் பெட்டி. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். சம்பந்தியம்மா சேமக்காலைக்கு வரவில்லை. அவர்கள் வழக்கத்தில் பெண்கள் போவதில்லை. வீட்டில் கதிரையில் இருந்தார்.

தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, ஞானஸ்நானம் குடுத்தபடியா அவன் உங்கட மோட்சத்துக்குத்தானே போவான். நான் செத்தாலும் இனி அவனைக் காணேலாதெல்லோ?"

ஊற்றும்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஊற்றினீர்களா என்று கேட்டேன்.

"ஓம். பெத்தவள் கேட்டவள்."