இரண்டாவது கட்டிலுக்கு ஒரு பெயர்

ஜனவரி 9

மதியம் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு, மாடியிலிருக்கும் டிராவல்ஸ் பெண் இறங்கி வந்தாள். கண்ணாடிக் காம்பு ஆடுகிறதாம். திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கும்போது, “அக்கா, கப்பலுக்கு மீதிப் பணம் எப்ப கட்டப்போறீங்க?” என்று கேட்டாள்.

ஜூனில் போகிற சுற்றுலாக் கப்பலுக்கு நவம்பரில் முன்பணம் கட்டியதோடு சரி. அதன்பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருந்தேன். இன்று அவளே உட்கார்ந்து விளக்கினாள். இந்த மாதக் கடைசிக்குள் முழுப் பணத்தையும் கட்டினால் எட்டு சதவீதம் தள்ளுபடி. இல்லையென்றால் மார்ச் 20 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் கட்டணம் இறங்கினால், இறங்கிய கட்டணமே நமக்கும். முழுசாகக் கட்டிவிட்டால் பிறகு எவ்வளவு இறங்கினாலும் நமக்கு ஒன்றுமில்லை.

காத்திருக்கச் சொல்கிறாள். “பணம் நம்ம கையில இருக்கற வரைக்கும்தான் நமக்கு மரியாதை.” இருபத்தாறு வயதில் இந்தப் பேச்சு.

எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னாள். கேபின் இரண்டு பேருக்கானது. ஒருத்தி போனாலும் இரண்டு பேருக்கான கட்டணம்தான். இரண்டாவது பெயரை முழுப் பணம் கட்டும் வரை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், கட்டிவிட்டால் முடிந்தது.

“யாருன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

பார்க்கலாம் என்றேன். திருகாணியை அளவுக்கு மீறி முடுக்கியிருந்தேன். தளர்த்தி மறுபடி போட வேண்டியதாயிற்று.

ஜனவரி 10

அண்ணனிடம் தள்ளுபடி விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. கடைகளின் தராசுகளைச் சோதிப்பது அவர் உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடுவதில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் மனக்கணக்குப் போட்டுவிட்டார்.

“நிச்சயமா வர்றதை விட்டுட்டு, வருமா வராதான்னு தெரியாததுக்குக் காத்திருப்பியா?”

ஆமாம் அண்ணா. அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 17

துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். துறைமுகத்தில் ஒரு பெரிய வெள்ளைக் கப்பல். மேல்தளத்தில் யாரோ கைவீசுவதுபோல இருந்தது. கொடியாகவும் இருக்கலாம்.

அண்ணி இருந்த எட்டு வருடமும் துணி எடுப்பது எங்கள் இருவரின் வேலை. என்னைவிட ஒரு வயது சிறியவள்; முறைக்குத்தான் அண்ணி. துணி காய்ந்த பிறகும் கீழே இறங்கமாட்டோம். சுவரில் சாய்ந்துகொண்டு எங்கள் கடைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்வேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என்னைக் ‘கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் கப்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஒரே ஒரு தடவை அதுல ஏறி, அங்கேயிருந்து நம்ம மாடியைப் பாக்கணும் கண்ணாடி. எவ்வளவு சின்னதா தெரியும்னு.”

மாடி விளக்குக்கு ஸ்விட்ச் கீழே, படிக்கட்டு முடியும் இடத்தில். நாங்கள் மேலே இருக்கும்போதே அண்ணன் அணைத்துவிடுவார். பேசுவதற்கு வெளிச்சம் எதற்கு என்பார். முதல் சில வருடங்கள் அண்ணி இருட்டிலேயே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு மாடிக்கு வருவதும் நின்றது. பிறகு ஒரு பெட்டியோடு போய்விட்டாள்.

அண்ணன் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. கணக்குப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கப்படுகிறவளுக்கு எப்படி இருக்கும் என்பது மட்டும் அவர் தராசில் ஏறவில்லை.

இருவரும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. விவாகரத்து அவர்களுக்கு. எனக்கு எதற்கு? எனக்கு அவளோடு என்ன சண்டை? ஆனாலும் அந்தக் கையெழுத்தோடு நானும் எங்கேயோ அறுந்துபோனேன். அண்ணனின் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு அவளுக்குப் போன் செய்வது எப்படி என்று தெரியவில்லை. அவளும் செய்யவில்லை.

ஜனவரி 24

இன்று நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கேபினில் இன்னொரு கட்டில் காலியாகப் போகிறது என்பதை அண்ணன் எப்படியோ பிடித்துவிட்டார். ஒருத்திக்கு இரண்டு பேர் கட்டணமா என்று இரண்டு நாளாகத் தாங்கவில்லை அவருக்கு. இன்று காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “சும்மா கிடக்கற கட்டிலுக்குப் பணம் கட்டறதா? நான் வரேன். லீவு இருக்கு.”

கப்பல் என்றாலே காசைக் கடலில் கொட்டுவது என்று சொல்லிவந்தவர்.

யோசிக்கலாம் என்றேன். அவர் முகத்தில் ஒரு சின்ன ஆசை தெரிந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அவரும்தான் எங்கே போயிருக்கிறார், யாரோடு?

ஜனவரி 31

கடைசி நாள். கட்டவில்லை.

பிப்ரவரி 1

அண்ணன் பேசவில்லை. எட்டு சதவீதத்துக்குத் துக்கம் காக்கிறார்.

பிப்ரவரி 8

வருடா வருடம் இந்த மாதத்தில் கடையிலிருந்து பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி போகும்: ‘கண் பரிசோதனை செய்து ஓராண்டு ஆகிறது, வாருங்கள்.’ அண்ணியின் எண்ணும் அதில் இருக்கிறது. ஆறு வருடமாகப் போகிறது. அவள் வந்ததில்லை.

அப்படியென்றால் அவளுக்கு இப்போது யார் கண்ணாடி போடுகிறார்கள்? வலது கண்ணில் அந்தச் சாய்வுப் பவர். ஒரு துளி பிசகினாலும் தலைவலி வந்துவிடும் என்று யாருக்குத் தெரியும்?

இன்று செய்திகளை அனுப்பும்போது அவளுடையதை மட்டும் தனியே எடுத்தேன். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘ஜூன் மாதம் அந்தக் கப்பலில் ஒரு இடம் இருக்கிறது.’

அனுப்பிவிட்டு, கைகழுவும் இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

பிப்ரவரி 9

பதில் இல்லை.

பிப்ரவரி 15

பதில் இல்லை.

கட்டணம் இறங்கிவிட்டது. டிராவல்ஸ் பெண் படிக்கட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். எட்டு சதவீதம் இல்லை, அதைப்போல இரண்டு மடங்கு. என் ஒரு மாதச் சம்பளம் மிச்சம். புதுக் கட்டணத்துக்கு மாற்றியும்விட்டாள். “நான் சொன்னேன்ல?” என்று எங்கள் கடை முதலாளியிடம் வேறு பீற்றிக்கொண்டாள்.

அண்ணனிடம் சொன்னேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். பிறகு, “அப்ப சரி. கட்டிடு. என் பேரையும் குடுத்துடு” என்றார்.

டிராவல்ஸ் பெண்ணும் அதையேதான் சொல்கிறாள். இதற்குக் கீழே போகாது, இனிக் காத்திருந்து லாபமில்லை.

இதுவரை கேட்பவர்களிடம் சொல்ல ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. இனி நான் காத்திருப்பது எதற்கு என்று யாராவது கேட்டால்?

பிப்ரவரி 27

வாசல் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். முதலாளி, “யாராவது கடன்காரன் வரணுமா?” என்றார்.

மார்ச் 6

வந்தாள்.

சாப்பிட்ட டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி உள்ளே வந்து, உன்னைத்தான் கேட்கிறார்கள் என்றார். பிரேம் வைத்திருக்கும் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். முன்முடி நரைத்திருக்கிறது, மை பூசவில்லை. எங்கள் கடையில் வாங்காத ஒரு பழுப்புப் பிரேம் முகத்தில்.

“வாங்க” என்றேன். அதற்கு மேல் என்ன சேர்ப்பது? அந்த முறையைச் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா?

இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். பரிசோதனைச் சட்டத்தை மூக்கில் வைக்கும்போது காதோரம் விரல் பட்டது. வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றினேன்.

“இது தெளிவா, இது தெளிவா?”

“ரெண்டாவது.”

“இப்போ?”

“மாறலை.”

ஆறு வருடத்துக்குப் பிறகு எங்கள் பேச்சு இது. எனக்கு இதுவே போதும் என்றிருந்தது. இன்னும் பத்து வில்லை மாற்றலாம் என்றிருந்தது. படிக்கும் பவரும் வந்துவிட்டது அவளுக்கு. நான் பார்க்காத நேரத்தில் வந்த பவர்.

பழைய கண்ணாடியை அளந்தேன். வில்லைகளின் மையம் அவள் கண்மணிக்கு நேராக இல்லை, வெளியே தள்ளியிருந்தது.

“தலை வலிக்குமே?”

“வலிக்குது. வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்.”

கோபம் வந்தது. எந்த மடையன் அளந்தான் இதை? சத்தமாகவே சொல்லிவிட்டேன்போல. சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் கேட்டாள்.

“அந்தக் கடைசி வரி, கடை எழுதினதா, நீ எழுதினதா?”

“நான்தான்.”

“எனக்கு பஸ்ஸிலேயே தலை சுத்தும். மறந்துட்டியா கண்ணாடி?”

“மறக்கலை. மாடியை அங்கேயிருந்து பாக்கணும்னு சொன்னீங்க, அண்ணி.”

வந்துவிட்டது வார்த்தை. அவள் தடுக்கவில்லை. கனத்த சட்டத்துக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

“அப்ப வேண்டாம். ஒளிஞ்சு வர்றதுக்கு நான் என்ன தப்பு பண்ணினேன்? நீ அவர்கிட்ட சொல்லு. சொல்லிட்டுக் கூப்பிடு. அப்ப வரேனா இல்லையான்னு சொல்றேன்.”

புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டேன். மையத்தை மூன்று தடவை அளந்தேன்.

மார்ச் 9

சொல்லவில்லை.

மார்ச் 11

அவர் சாப்பிடும்போது சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

பயம் அவர் கத்துவார் என்பதில்லை. கத்தவே மாட்டார். அவருக்கு வீட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. நானும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று எண்ணிவிட்டால்? அவர் வருகிறேன் என்று கேட்ட கட்டில் அது. அதை எடுத்து அவளுக்கே கொடுக்கிறேன்.

மார்ச் 15

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எடைக்கல் பெட்டியைத் திறந்து வைத்து, ஒவ்வொன்றையும் மெல்லிய துணியால் துடைப்பார். எதிரே உட்கார்ந்து, நிறுத்தாமல் சொன்னேன். செய்தி அனுப்பியது, அவள் வந்தது, அவள் சொன்னது, நீங்கள் வரவேண்டாம் என்று உங்களிடம் சொல்லத்தான் இத்தனை நாள் முழித்தது, எல்லாம்.

கையிலிருந்த கல்லைப் பெட்டியில் வைத்தார். அதற்குரிய குழியில் இல்லை, பக்கத்துக் குழியில். சரியாக உட்காரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், படுக்கப் போனார். நான் என்ன செய்துவிட்டேன்?

மார்ச் 16

காலையில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

“கேபின் கப்பல்ல எந்தப் பக்கம்?”

“முன்பக்கம். அதுதான் மலிவு.”

“முன்பக்கம்தான் ரொம்ப ஆடும். அவளுக்கு பஸ்ஸே ஒத்துக்காது. நடுவுல கேளு. கீழ்த்தளத்துல, நட்டநடுவுல. அங்கதான் ஆட்டம் கம்மி.”

இதையெல்லாம் எங்கே, எப்போது படித்தார்? கண் சிவந்திருந்தது.

“மிச்சம் பிடிச்ச பணம் கையில இருக்கில்ல? அதைப் போட்டு மாத்திக்கோ.”

“அதுக்கும் மேல ஆச்சுன்னா?”

இன்னொரு காலின் கயிற்றையும் கட்டி முடித்தார்.

“ஆகட்டும்.”

பிறந்ததிலிருந்து அவரோடு இருக்கிறேன். அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை இப்போதுதான் கேட்கிறேன்.

மார்ச் 17

அண்ணி கண்ணாடி வாங்க வந்தாள். கேபின் விஷயத்தை விட்டுவிட்டு, அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவர் மறுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். புதுக் கண்ணாடியோடு வாசலில் நின்று தெருவின் அந்தக் கோடி வரை பார்த்தாள். எதிர்க்கடைப் பலகையை வாய்விட்டுப் படித்தாள். பிறகு, “பாஸ்போர்ட்டைத் தேடணும்” என்றாள்.

மார்ச் 20

முழுப் பணமும் கட்டியாயிற்று. நடுவில் இருக்கும் கேபின். மிச்சம் பிடித்தது அத்தனையும் அதற்கே போய், மேலும் கொஞ்சம் ஆயிற்று.

“இவ்வளவு நாள் காத்திருந்து இறக்கினதை மறுபடி கப்பல்காரனுக்கே குடுத்துட்டீங்களே அக்கா” என்று டிராவல்ஸ் பெண் நொந்துகொண்டாள். தன் பணம்போல அவளுக்கு வலிக்கிறது. பெயரைத் தட்டிக்கொண்டே, இவங்க உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள்.

அண்ணி என்றேன்.

ஜூன் 13

அண்ணன் என் பெட்டியைத் தன் தராசில் எடை பார்த்தார். கப்பலில் எடைக்குக் கட்டுப்பாடு இல்லை என்று சொன்னாலும் கேட்கவில்லை. நாளைக்குத் துறைமுகத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். ஆபீஸ் இருக்கிறது என்றார். நாளை ஞாயிறு. நானும் நினைவுபடுத்தவில்லை.

ஜூன் 14

கப்பலிலிருந்து எழுதுகிறேன். அண்ணி பக்கத்துக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறாள். தலை சுற்றவில்லையாம். ஆட்டமே தெரியவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது இருவரும் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஊர் மெல்ல விலகியது. வீடுகள் எல்லாம் ஒன்றுபோல, நெருக்கமாக. நான் தண்ணீர்த் தொட்டிகளை வைத்து அடையாளம் தேடிக்கொண்டிருந்தேன். அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

“அதோ. விளக்கு எரியுது பார்.”

இன்னும் இருட்டியிருக்கவில்லை. வேறு எந்த மாடியிலும் விளக்கு போடவில்லை. எங்கள் மாடியில் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு.

“அணைக்க மறந்துட்டிருப்பார்” என்றேன்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“அவரா?” என்றாள்.

அது கண்ணிலிருந்து மறையும்வரை அங்கேயே நின்றோம்.